கிளேபாங் கரையில் ஒரு கேள்வி

மலாக்கா வாசகர்களுக்குக் கிளேபாங்கைப் பற்றி எழுதவும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளை குட்டிகளோடு போய்க் காற்று வாங்கிவிட்டு, ஆளுக்கொரு தேங்காய் ஷேக் குடித்துவிட்டுத் திரும்பும் இடம்தானே! நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்தக் கரையில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்துவிட்டது. அந்தக் கேள்வியின் பின்னாலேயே போய், கிளேபாங்கிலிருந்து அந்தமான் கடலுக்கும், அங்கிருந்து வட துருவத்தை ஒட்டிய பனி நிலத்துக்கும் மனத்தாலேயே ஒரு பயணம் போய் வந்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பஸ் நிறையப் பிள்ளைகள்

ஜாசின் வட்டாரத்தில், செம்பனைக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. என் அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவியவர்கள். லயத்து வீட்டில் பிறந்து, இரவு பத்து மணிக்கு நின்றுவிடும் தோட்டத்து மின்சாரத்தில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு மறுபடியும் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தவள் நான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். நினைத்தால் வருத்தம்தான். ஆனால் சுற்றுலா போகும் நாளில் மட்டும் அது ஒரு சௌகரியம்!

அன்று சனிக்கிழமை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். தாய்மார்கள் விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மலாக்கா நகரத்தில் கோட்டை வாசலையும் ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள பொய்யாத விநாயகர் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, கடலோரச் சாலையில் வடமேற்காகத் திரும்பினோம். லிம்போங்கானைத் தாண்டினால் கிளேபாங். அதே சாலையில் இன்னும் போனால் தஞ்சோங் கிளிங், அதற்கும் அப்பால் சுங்கை ஊடாங்.

கிளேபாங் கடற்கரையில் இறங்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அடேயப்பா! கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. பாலைவனம் என்றே சிலர் அதைச் செல்லமாகச் சொல்கிறார்கள். ஏறுவதும் உருளுவதுமாகப் பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். பக்கத்தில் கரையேறி நிற்கிறது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். மலேசியக் கடற்படை வீரர்கள் பிரான்ஸ் நாட்டில் பயிற்சி பெற்ற கப்பல் அது. 2011-ல் இங்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். கறுத்த அந்தப் பெரிய உடம்பைச் சுற்றி வந்து, "இது எவ்வளவு ஆழம் போகும் டீச்சர்?" என்று கேட்டார்கள். முந்நூறு மீட்டர் அளவுக்கு என்று சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

பிறகு எல்லாருக்கும் தேங்காய் ஷேக் வாங்கினோம். இளநீரும் வழுக்கையும் ஐஸும் சேர்த்து அரைத்து, மேலே ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. வெயிலுக்கு அமிர்தம்! அப்போது ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், கோப்பையில் மிதந்த ஐஸ் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"டீச்சர், ஐஸ் எரியுமா? நெருப்பு வைத்தால் எரிகிற ஐஸ் இருக்காமே. அண்ணன் போனில் காட்டினான்."

எனக்கு வெயில், களைப்பு, பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டிய கவலை. "ஐஸ் எப்படியடா எரியும்? போனில் காட்டுவதையெல்லாம் நம்பாதே. பேசாமல் குடி" என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். திரும்பும் வழியெல்லாம் "எரிகிற ஐஸ், எரிகிற ஐஸ்" என்று அவனைக் கேலி செய்துகொண்டே வந்தார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மௌனமாகிப் போன பையன்

அந்தப் பையன் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பவன். மின்னல் ஏன் முதலில் தெரிகிறது, இடி ஏன் பிறகு கேட்கிறது? உடும்புக்குக் காது உண்டா? சில நாள் அலுத்தும் போகும். கிளேபாங் போய் வந்த பிறகு அவன் கை தூக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா ஆலைக்குப் போகிறவர், வீட்டில் பாட்டி மட்டும். அந்தப் பாட்டி ஒரு நாள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, பையன் முன்னே மாதிரி பேச மாட்டேங்கிறானே, என்னவாம்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது.

அன்றிரவு பிள்ளைகளின் நோட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தேன். பிறகு நகரத்து நூலகத்துக்கும் போனேன். வாசகர்களே, பையன் சொன்னது சரி. எரிகிற ஐஸ் இருக்கிறது! தீக்குச்சியைக் காட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் தீப்பற்றி எரியும்; எரிய எரியக் கீழே தண்ணீர் சொட்டும். அதற்கு மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர். தவறு என்னுடையது. பிள்ளைகளுக்கு முன்னால் நடந்த தவறை அவர்களுக்கு முன்னால்தானே திருத்த வேண்டும்? பள்ளி விடுமுறைக்கு முன், தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கேட்டு மேல்வகுப்புப் பிள்ளைகளை மறுபடியும் கிளேபாங்குக்கு அழைத்துப் போனேன். இந்த முறை கையில் சோடா போத்தல் ஒன்றும் நீண்ட கம்பு ஒன்றும் கொண்டு போனேன்.

மணலில் ஒரு வரைபடம்

நிழலான இடம் பார்த்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். "போன முறை இங்கே ஒருவன் கேள்வி கேட்டான். நான் தெரியாமலேயே தெரிந்த மாதிரி பதில் சொன்னேன். அவன் சொன்னதுதான் சரி. டீச்சர் சொன்னது தப்பு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் மணலைக் கிள்ளிக்கொண்டே குனிந்திருந்தான்.

பிறகு பாடத்தைத் தொடங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நம் தோட்டத்துச் செம்பனை ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி வந்துகொண்டே இருக்கும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மக்கிப்போன பொருள்களைத் தின்று வெளிவிடும் வாயு அது. அதில் பெரும்பங்கு மீத்தேன். அங்கே மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் மீத்தேனுடையது அன்று. கூடவே வரும் மற்ற வாயுக்களுடையது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் நன்றாக எரியும். இதே வேலை கடலடிச் சேற்றிலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டும் வண்டலில் இலையும் தழையும் செத்த உயிர்களும் புதைந்து, அங்கேயும் மீத்தேன் பிறக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் கேஸ் தோங்கில் அடைத்திருப்பதும் மீத்தேன்தானா? இல்லை. அது புரோப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே அவை திரவமாகித் தோங்குக்குள் அடங்கிவிடும். மீத்தேன் அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வராது. நம் ஊர்ச் சூட்டில் எத்தனை அழுத்தினாலும் அது திரவமாகாது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் சாதாரண அழுத்தத்தில் திரவமாகும். அப்படி ஆனால் முன்பிருந்த இடத்தில் 600-ல் ஒரு பங்கு இடம் போதும். இந்த வித்தையை நம் கடலோரத்திலேயே காணலாம். கிளேபாங்கிலிருந்து அதே சாலையில் போனால் வரும் சுங்கை ஊடாங்கில், திரவ மீத்தேனை மறுபடியும் வாயுவாக்கும் நிலையம் 2013-ல் இயங்கத் தொடங்கியது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய வாயுக் கப்பல்கள் இரண்டைக் கட்டி நிறுத்தி, மிதக்கும் கிடங்காக மாற்றி அமைத்தார்கள். அங்கே வாயுவான மீத்தேன் கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வந்து, தீபகற்பத்தின் பெரிய குழாயோடு சேர்கிறது.

மனிதன் இத்தனை இயந்திரம் வைத்துச் செய்வதை, இயற்கை வேறொரு வழியில் ஓசைப்படாமல் செய்து வைத்திருக்கிறது. ஆழ்கடலின் அடியில் தண்ணீர் வெகு குளிர்ச்சி. மேலே இருக்கும் தண்ணீரின் பாரமோ சொல்லி முடியாது. குளிரும் பாரமும் சேர்ந்தால், தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கிளிக்கூண்டு போல அமைந்துகொள்கின்றன. கூண்டுக்கு ஒரு கிளியாக மீத்தேன் உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. பார்த்தால் வெறும் பனிக்கட்டி. உள்ளே அடைபட்டிருப்பதோ எரியும் வாயு. ஒரு கன மீட்டர் கட்டியை உருக்கினால் ஏறக்குறைய 164 கன மீட்டர் வாயு வரும்! இந்தக் கூண்டுக்குப் பூட்டுக் கிடையாது. குளிரும் அழுத்தமும்தான் கதவைப் பிடித்திருக்கின்றன. சூடு ஏறினாலும், அழுத்தம் குறைந்தாலும் கதவு திறந்துவிடும்.

இந்த இடத்தில் சோடா போத்தலின் மூடியைத் திறந்து காட்டினேன். மூடி இருக்கும்வரை அமைதியாக இருந்த தண்ணீர், திறந்தவுடன் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. "சோடாவில் கூண்டு இல்லை, வாயு வெறுமனே கரைந்திருக்கிறது. ஆனாலும் அழுத்தம் போனால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான்" என்றேன். பாதிச் சோடா என் புடவையில்! அப்போதுதான் அந்தப் பையன் தலையை நிமிர்த்தி லேசாகச் சிரித்தான்.

ஒரு விஷயம் எனக்கே ஆறுதலாக இருந்தது. ஐஸைப் பார்த்து ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. அமெரிக்காவில் வாயு கொண்டுபோகும் குழாய்கள் குளிர்காலத்தில் அடைத்துக்கொண்டபோது, உள்ளே தண்ணீர்தான் உறைந்துவிட்டது என்று பொறியாளர்களே நினைத்தார்கள். தண்ணீர் உறையாத சூட்டிலும் குழாய்கள் அடைத்துக்கொண்டன. அடைத்தது வெறும் ஐஸ் அன்று, ஹைட்ரேட் என்று 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்ற நிபுணர் எடுத்துக் காட்டினார்.

தாத்தா கடந்து வந்த கடல்

"அப்படியானால் இந்தக் கடலுக்கு அடியிலும் எரிகிற ஐஸ் இருக்கிறதா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் நூறு மீட்டர்கூட இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் வேறு. வெப்ப நாடுகளின் கடலில் ஏறக்குறைய ஐந்நூறு அறுநூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால்தான் அந்தக் கூண்டு நிலைக்கும். பக்கத்தில் நிற்கிறதே நீர்மூழ்கிக் கப்பல், அதுவும் எட்ட முடியாத ஆழம்.

கம்பை எடுத்து மணலில் நீரிணையை வரைந்தேன். வடமேற்கே கோட்டை இழுத்துக்கொண்டே போனால், இரு கரையும் விலகி விலகிக் கடைசியில் அந்தமான் கடல். அங்கே ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு பெரிய தேடலை நடத்தியது. 'ஜாய்டெஸ் ரெசொல்யூஷன்' என்ற ஆராய்ச்சிக் கப்பல் ஏப்ரலில் மும்பையிலிருந்து கிளம்பி, இந்தியக் கடல்களில் 21 இடங்களில் கடலடியைத் துளைத்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் சென்னையில் கரை சேர்ந்தது. ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுபோய்க் கொட்டிய வண்டலில், ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்குக் களிமண்ணின் வெடிப்புகளில் ஹைட்ரேட் படிந்திருப்பதைக் கண்டார்கள். அந்தமான் கடலில், 1,300 மீட்டர் தண்ணீருக்கும் கீழே, கடலடியைத் துளைத்து இன்னும் ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம் வரைக்கும் அது இருந்தது. எதில் தெரியுமா? எரிமலைகள் கக்கிய சாம்பல் அடுக்குகளில்! நெருப்பு கக்கிய சாம்பலுக்குள் பனிக்கட்டி, அந்தப் பனிக்கட்டிக்குள் மறுபடியும் நெருப்பு. ஆண்டவன் படைப்பை என்னவென்று சொல்வது!

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நம் வீடுகளில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டிகள் அதன் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாக இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்! வங்காள விரிகுடாவையும் அந்தமான் கடலையும் கடந்துதான் அவர்கள் வந்தார்கள். துளை போட்ட இடத்துக்கு நேர் மேலேதான் கப்பல் போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே கடல்தான். மேலே பசியோடு ஒரு கூட்டம் பிழைப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. கீழே இருட்டில், எவருக்கும் தெரியாமல், இத்தனை நெருப்பு உறைந்து கிடந்தது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அலையோசை மட்டும் கேட்டது.

நம் மலேசியாவிலும் இது இல்லாமல் இல்லை. சபாவுக்கு அப்பால் ஆழ்கடலில் உள்ள குமுசுத்-காக்காப் எண்ணெய் வயலின் கடலடியில் ஹைட்ரேட் இருப்பது தெரிய வந்தது. அங்கே அதை யாரும் செல்வமாகப் பார்க்கவில்லை, ஆபத்தாகவே பார்த்தார்கள். அடியிலிருந்து வரும் சூடான எண்ணெய் அந்தக் கட்டியை உருக்கினால் கடலடி மண் தளர்ந்துவிடுமே! அதை மனத்தில் வைத்துத்தான் கிணறுகளைத் திட்டமிட்டார்கள்.

உறைந்த மண்ணின் நாட்டில்

கோட்டை இன்னும் வடக்கே இழுத்தேன். கடலே வேண்டாம், நிலத்திலேயே ஹைட்ரேட் கிடைக்கும் இடமும் உண்டு. அது வட துருவத்தை ஒட்டிய நிரந்தர உறைநிலம். கோடையில் மேலே ஓர் அடி இரண்டடி இளகும்; அதற்குக் கீழே ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக மண் கல்லாக உறைந்தே கிடக்கும். கனடாவின் வடமேற்கு மூலையில் மெக்கென்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மாலிக் என்றொரு இடம் இருக்கிறது. அங்கே உறைந்த மண் அறுநூறு மீட்டருக்கும் அதிகம். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். அதை அப்படியே அந்த மண்ணுக்குள் இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது! அந்த உறைமண்ணுக்கும் கீழே, 900 மீட்டரிலிருந்து 1,100 மீட்டர் ஆழம் வரைக்கும், மணல் அடுக்குகளில் ஹைட்ரேட் நிறைந்திருக்கிறது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் இப்படி உண்டு.

மாலிக்கில் வேலை நடப்பது குளிர்காலத்தில். நமக்கு மழைக்காலம் வந்தால் சாலை சேறாகிவிடும்; அவர்களுக்குக் கோடை வந்தால்தான் நிலம் சேறாகும். குளிரில் ஆறு உறைந்து, லாரி போகும் சாலையாகிவிடுகிறது. 2002-ல் ஜப்பான், கனடா, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளோடு இந்தியாவும் சேர்ந்து அங்கே ஒரு சோதனை நடத்தியது. கிணற்றுக்குள் சூடான திரவத்தைச் சுழல விட்டு ஹைட்ரேட்டை உருக்கினார்கள். வாயு வந்தது, தீப்பிழம்பும் எரிந்தது. ஆனால் வந்தது சொற்பம். 2008-ல் வேறு வழியில் முயன்றார்கள். சூடாக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தை மட்டும் குறைத்தார்கள். நம் சோடா போத்தல் கதைதான்! ஆறு நாளில் ஏறக்குறைய 13,000 கன மீட்டர் வாயு கிடைத்தது.

பிறகு 2013-ல் ஜப்பான் தன் கடலில் அதே முறையில் எடுத்துப் பார்த்தது. ஆறு நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கன மீட்டர் கிடைத்தது. ஆனால் வாயுவோடு மணலும் ஏறி வந்து கிணற்றை அடைத்துவிட்டது. தோட்டத்துக் கிணற்றில் பம்பு வைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். 2017-ல் சீனா 60 நாள் எடுத்தது. என்றாலும் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்து வியாபாரம் செய்யும் நிலைக்கு எந்த நாடும் இன்னும் வரவில்லை. கிளியைப் பிடிப்பதைவிடக் கூண்டைக் கலையாமல் திறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கூண்டு மனிதன் சொல்வதைக் கேட்காது என்பதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைஸன்' எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் உயிரிழந்தார்கள். கடலடியிலிருந்து எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிப்பதற்கு ஒரு பெரிய இரும்புக் கூட்டை இறக்கினார்கள். ஆழத்துக் குளிரில், வந்த வாயுவும் தண்ணீரும் சேர்ந்து கூட்டுக்குள்ளேயே ஹைட்ரேட்டாக உறைந்து வழியை அடைத்துவிட்டன. அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

தூங்கும் நெருப்பை எழுப்பலாமா?

"இவ்வளவு வாயு இருந்தால் நமக்கு நல்லதுதானே டீச்சர்?" என்று கேட்டாள் முன்பு கேட்ட அதே பெண். நல்ல கேள்வி. விறகு அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்த என் அம்மாவைக் கேட்டால், எரிவாயு ஒரு வரம் என்பார். நிலக்கரியை எரிப்பதைவிட மீத்தேனை எரித்தால் புகையும் குறைவு, கரியமில வாயுவும் குறைவு. ஆனால் எரியாமல் தப்பித்து ஆகாயத்தில் கலந்துவிட்டால் மீத்தேன் பொல்லாதது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 80 மடங்கு.

வட துருவப் பகுதியோ உலகத்தின் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. உறைநிலத்தின் மேற்பகுதி இளகி, வீடுகள் சாய்கின்றன, சாலைகள் உள்வாங்குகின்றன. சைபீரியாவின் யமால் பகுதியில் 2014-ல் தரையில் திடீரென்று ஒரு பெரும் பள்ளம் காணப்பட்டது. அடியில் வாயு சேர்ந்து அழுத்தம் தாங்காமல் வெடித்த பள்ளம் என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆழத்தில் கிடக்கும் ஹைட்ரேட்டுக்குச் சூடு போய்ச் சேர நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகும். நாளைக்கே எல்லாம் பொங்கிவிடும் என்பது வெறும் பீதி. அதற்காக அலட்சியமும் கூடாது. நாங்கள் உட்கார்ந்திருந்த கிளேபாங் மணல், கடலிடமிருந்து வாங்கிய நிலம். உலகம் சூடாகிக் கடல் மட்டம் உயர்ந்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கடல் முதலில் வந்து நிற்பது இப்படிப்பட்ட கரைகளில்தான். எங்கோ வடக்கே உருகும் பனிக்கும் மலாக்காக் கரைக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கிறது.

பாடம் முடிந்தது. பிள்ளைகள் எழுந்து மணல்மேட்டுக்கு ஓடினார்கள். அவன் மட்டும் என் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் தோளைத் தொட்டு, "அன்றைக்கு டீச்சர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அலை ஏறி வந்து, நான் வரைந்த கனடாவை நனைத்துவிட்டுப் போனது.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், ஐஸ் தண்ணீரில் மிதக்குமே. அப்புறம் அந்த எரிகிற ஐஸ் மட்டும் ஏன் கடலுக்கு அடியிலேயே கிடக்கிறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த விடை அப்போது தெரியாது. அன்று முன்போலச் சமாளிக்கவில்லை. "தெரியவில்லையப்பா. படித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

படித்துப் பார்த்தேன். அவன் யோசித்தது சரிதான்! அந்தக் கட்டி தண்ணீரைவிட லேசானது. தனியாக விட்டால் மேலே மிதந்து வந்துவிடும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளிலும் வெடிப்புகளிலும் அது சிக்கியிருப்பதால்தான் அடியிலேயே தங்கியிருக்கிறது. திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவன் கேள்வியைச் சொல்லி, பதிலையும் சொன்னேன். அதன் பிறகு அவனை யாரும் கேலி செய்யவில்லை.

வாசகர்களே, நீங்களும் அடுத்த முறை கிளேபாங்குக்குப் போனால், கையில் தேங்காய் ஷேக்கோடு வடமேற்கே ஒரு கணம் பாருங்கள். நம் முன்னோர் வந்த வழி அது. அந்தக் கடலுக்கு அடியில் இன்னும் நெருப்பு தூங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உங்கள் பிள்ளை ஏதாவது கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "பேசாமல் குடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.